எல்லைப் பக்கத்து ஊரில் தொழிலா? முதலில் மலையாளக் காலண்டர் வாங்குங்கள்

கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரை பக்கம் ஊரோடு இருந்து பிழைக்க நினைக்கிற எல்லோரும் முதலில் பெட்டிக்கடைதான் வைக்கிறார்கள். ஒரு தெருவுக்கு மூன்று கடை, மூன்றிலும் கடன் நோட்டு. ஊருக்குள் இருக்கிற காசே ஊருக்குள் சுற்றினால் யார் கையிலும் தங்காது, மலைக்கு அந்தப் பக்கத்துக் காசு இங்கே வர வேண்டும்.

அதற்குத்தான் காலண்டர். கேரளாவில் ஓணத்துக்கு அத்தம் நட்சத்திரத்தில் தொடங்கி திருவோணம் வரை பத்து நாள் பூக்களம், அதாவது பூக்கோலம் போடுவார்கள், கேந்தியும் (செண்டுமல்லி) வாடாமல்லியும் அப்போது எவ்வளவு கொண்டுபோனாலும் எடுப்பார்கள். ஆனால் நட்சத்திரக் கணக்கு என்பதால் திருவோணத் தேதி நகரும்: 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5, 2026இல் ஆகஸ்ட் 26. போன வருஷம் நட்ட தேதியிலேயே நட்டு நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன், ஓணம் முடிந்தபிறகு காடு மஞ்சளாகப் பூத்து நின்றது, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியோடு உழுதேன். நாட்டுக் கேந்தி நட்டு ஏறக்குறைய 60 நாளில் பூக்கும், நாற்றுக்கு அதற்கு முன்னால் ஒரு மாசம். ஆக திருவோணத்திலிருந்து மூன்று மாசத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகப் பின்னோக்கி எண்ணி விதையுங்கள். வீரிய ஒட்டு ரகம் சீக்கிரம் பூக்கும், நாள் கணக்கை நாற்றுப் பண்ணையில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நாளும் பூ வேண்டும் என்றால் நிலத்தை இரண்டாகப் பிரித்து ஒரு வாரம் தள்ளி நடுவது நல்லது.

ஏத்தன் (நேந்திரன்) வாழைக்கு இதே கணக்குதான், ஆனால் 10, 11 மாசம் முன்னாலேயே யோசிக்க வேண்டும். தாராகவே விற்கலாம், வீட்டில் ஆள் இருந்தால் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் சிப்ஸ் போடலாம். தேங்காய் எண்ணெயில் போடுங்கள், பாமாயில் என்றால் அந்தப் பக்கத்துக்காரர்கள் முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிடுங்கள். அடுப்பு, பேக்கிங் மிஷின் வாங்க, பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்று வைத்திருந்தார்கள், இப்போதும் உண்டா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக் கடனோடு சேர்ந்துதான் வரும், கையில் ரொக்கமாகத் தரமாட்டார்கள்.

அப்புறம் கார்த்திகை முதல் தை பிறக்கும் வரை சபரிமலைக்குப் போகிற ஐயப்பமார் வண்டி ஆரியங்காவு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். ரோட்டோரம் இடம் இருப்பவர்கள் டீக்கடை போட வேண்டாம், அது ஏற்கெனவே வரிசையாக இருக்கிறது. குளிக்கத் தண்ணீரும் சுத்தமான கக்கூஸும் ஏற்பாடு செய்து, வேன் நிறுத்த இடம் விட்டால் வண்டி தானாகத் திரும்பும்.

பணம் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சரக்கை இங்கேயே எடை போட்டு சிட்டை எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முதல் லோடுக்குப் பணம் வந்த பிறகுதான் இரண்டாவது லோடு, சரக்கு வாங்குகிற மலையாளத்துச் சேட்டன் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் சரி.