பி2463 திரும்பத் திரும்ப வந்தால்: பிக்கப்பில் கரி எங்கிருந்து வருகிறது என்று தேடும் முறை

கம்பத்தில் விடியும் முன் காய்கறி ஏற்றி, லோயர்கேம்ப் வழியாகக் குமுளி ஏறி, லோடை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்புகிற பிஎஸ்6 டீசல் பிக்கப்களைப் பாடாய்ப் படுத்தும் கோடு (ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடு) பி2463. டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டியில் அளவுக்கு மேல் கரி சேர்ந்துவிட்டது என்று பொருள். பட்டறையில் ஸ்கேனர் மாட்டி ஃபோர்ஸ்டு ரீஜென், அதாவது ஃபில்டரைச் சூடாக்கிக் கரியை எரிக்கும் ரீஜெனைக் கட்டாயமாகப் போட்டால் லைட் அணைகிறது. சில நாளில் மறுபடி எரிகிறது. அடுத்து வருவது, "ஃபில்டரே போச்சு, மாத்திடலாம்" என்ற பேச்சு. அதற்கு உடனே தலையாட்ட வேண்டாம். கரி நிரம்பியதை மட்டும்தான் இந்தக் கோடு சொல்கிறது. கரி ஏன் கூடுதலாக வருகிறது, அல்லது வந்த கரி ஏன் எரியவில்லை என்று அது சொல்வதில்லை. காரணம் அப்படியே இருந்தால் புது ஃபில்டரும் அடைக்கும்.

எதையும் அழிக்காமல் தொடங்குங்கள். பேட்டரி வயரையும் கழற்ற வேண்டாம். கோடு விழுந்த நேரத்தில் வேகம், ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு எவ்வளவு என்று ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) பதிந்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃபிரேமைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் சாதாரண ப்ளூடூத் ஸ்கேனர் போட்டாலே இது கிடைக்கும். கரி எத்தனை கிராம், கடைசி ரீஜென் முடிந்ததா பாதியில் நின்றதா என்று பார்க்க, அந்த மாடலுக்கு ஏற்ற பெரிய ஸ்கேனர் வேண்டும். கூடவே வேறு கோடு இருக்கிறதா பாருங்கள். பி2453 (பிரஷர் சென்சார்), பி0299 (டர்போ காற்று குறைவு), பி0101 (ஏர்ஃப்ளோ சென்சார்), இஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு) கோடுகள் இருந்தால் அவற்றை முதலில் தீர்க்க வேண்டும். அவை நிற்கும்வரை பல வண்டிகளில் ஈசியு ரீஜெனையே தொடங்காது.

அடுத்து, ஸ்பேனர் எடுக்கும் முன் ஆயில் டிப்ஸ்டிக். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஏறி டீசல் வாடை அடித்தால், ரீஜென் பலமுறை பாதியில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபில்டரைச் சூடாக்க ஊற்றிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த நிலையில் ஃபோர்ஸ்டு ரீஜென் போடவே கூடாது. இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்துக் கட்டுப்பாடில்லாமல் ஓடத் தொடங்கினால் சாவியை அணைத்தாலும் நிற்காது. முதலில் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

பிறகு டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சார். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளப்பது இது; அந்த இரண்டு இடத்திலிருந்தும் இரண்டு குழாய்கள் இதற்கு வரும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: அளவு 0 கிலோபாஸ்கல் அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும். அங்கேயே 2, 3 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, ஃபில்டர் மேல் பழி இல்லை. சுத்தமான ஃபில்டர் ஐடிலில் (ரேஸ் கொடுக்காமல் ஓடும்போது) பெரும்பாலும் 1 கிலோபாஸ்கலுக்குள் இருக்கும். ரேஸ் கொடுக்கக் கொடுக்கச் சீராக ஏறி, விட்டதும் இறங்கும். சரியான எல்லை மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் பாருங்கள். ரேஸ் கொடுத்தும் அசையாமல் நின்றால் குழாய் அடைத்திருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் ஓடும் வண்டிகளில் குழாய்க்குள் நீர் தேங்குவதும் உண்டு. சென்சார் முனையில் குழாய்களைக் கழற்றி, இரும்புக் குழாய் பக்கமாக மட்டும் காற்று அடியுங்கள். சென்சாருக்குள் கம்ப்ரசர் காற்று போனால் அது தீர்ந்தது. முன் குழாயும் பின் குழாயும் மாறிவிடாமல் பெயின்ட் அடையாளம் போடுங்கள். சென்சார் மாற்றினால் ஸ்கேனரில் ஜீரோ லேர்னிங் (புது சென்சாரின் பூஜ்ய அளவை ஈசியுவுக்குப் பழக்குவது) செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு "புது சென்சார் போட்டும் சரியாகவில்லை" என்பது வீண் புலம்பல்.

சைலன்சர் வெப்ப சென்சார்களைச் சோதிக்க இரவு முழுக்க நின்ற வண்டி போதும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும், கூலன்ட் சூட்டை ஒட்டி. ஒன்று மட்டும் தள்ளி நின்றால் அதுதான் ரீஜெனைக் கெடுக்கிறது.

இனி கரியின் ஊற்று. காற்று குறைந்தால் கரி கூடும். ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டர்கூலர் போகும் ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். ஆயில் ஈரமும் தூசியும் ஒட்டிய இடத்தில் கசிவு இருக்கும். ஐடிலில் தெரியாத விரிசல் ஏற்றத்தில் வாய் திறக்கும், அதனால் லோடோடு மலை ஏறும்போது மேப் அளவை (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) பதிவு செய்யுங்கள். இங்கே ஒரு உள்ளூர்க் கணக்கு: இன்ஜின் ஆஃபில் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். கம்பம் சுமார் 400 மீட்டர் உயரம், அங்கே 96, 97 கிலோபாஸ்கல் வரும். குமுளி சுமார் 900 மீட்டர், அங்கே 91 ஒட்டி வரும். குமுளியில் 91 பார்த்துவிட்டு மேப் சென்சாரை மாற்றாதீர்கள்.

இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினால் புகையே திரும்ப உள்ளே போய்க் கரியைப் பெருக்கும். ஸ்கேனரில் வால்வைத் திறந்து மூடும்போது ஏர்ஃப்ளோ அளவு ஏறி இறங்க வேண்டும். அசையவில்லை என்றால், இன்ஜின் ஆறியபின் கழற்றி கார்பன் கிளீனரும் பிரஷும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்ளே பல் உடையும். கேஸ்கெட் புதிது போடுங்கள்.

இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் டெஸ்ட் (ஒவ்வொன்றும் திருப்பி அனுப்பும் டீசலை அளப்பது): ஒரே அளவு குழாய்களைத் தனித்தனி பாட்டிலில் விட்டு ஐடிலில் 2, 3 நிமிடம் ஓட்டினால், ஒன்றில் மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு சேர்ந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்தது. நுனியில் சொட்டும் இன்ஜெக்டர் இதில் மாட்டாது. ஸ்கேனரில் சிலிண்டர் வாரியான கரெக்‌ஷன் அளவைப் பார்த்தால்தான் தெரியும்.

வண்டியில் எதுவும் இல்லை என்றால் ஓட்டும் விதத்தைப் பாருங்கள். மலை ஏறும்போது சைலன்சர் நன்றாகச் சூடாகும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் டீசலே போகாது, சூடு விழும், நடந்துகொண்டிருந்த ரீஜென் அறுந்துபோகும். அப்புறம் செக்போஸ்ட் வரிசையிலும் சந்தையிலும் ஐடிலில் நின்றால் கரிதான் சேரும். டிபிஎஃப் லைட் எரிந்தால் கம்பத்திலிருந்து உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி போகும் சுமார் 40 கிலோமீட்டர் சமவெளிச் சாலைதான் தோது. டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசலோடு, 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் 20, 25 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். நிறுத்தி வைத்துப் போடும் ரீஜெனில் ஃபில்டர் 600 டிகிரியை ஒட்டிச் சூடாகும். ஏலத் தோட்டச் சருகு மேலோ, வைக்கோல், தார்ப்பாய் அருகிலோ செய்யாதீர்கள். முடியும்வரை ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ரீஜென் ஒழுங்காக முடிந்தும் பிரஷர் இறங்கவில்லை என்றால், உள்ளே இருப்பது கரி அல்ல, சாம்பல். ஆயிலில் உள்ள சேர்க்கைப் பொருள்கள் எரிந்த மிச்சம் அது; எந்த ரீஜெனுக்கும் எரியாது. மேனுவல் சொல்லும் குறைந்த சாம்பல் ஆயிலை விட்டு மலிவான ஆயில் ஊற்றிய வண்டிகளில் இது சீக்கிரம் வரும். ஃபில்டரைக் கழற்றி அதற்கான மெஷினில் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் கழுவுவது உள் கூட்டை உடைக்கும். டெயில் பைப்புக்குள் விரல் விட்டுத் தேய்த்துப் பாருங்கள்: சுத்தமாக இருந்தால் ஃபில்டர் முழுசாக இருக்கிறது, கருப்பாக ஒட்டினால் விரிசல், அல்லது முன்னால் வைத்திருந்தவர் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டார். அப்படி எடுத்துவிட்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 190(2) படி குற்றம்.

வேலை முடிந்தபின் ஸ்கேனரில் பிழைக் கோடுகளை அழித்து, ஒரு முழு ரீஜென் முடித்து, கரி கிராமையும் ஓடோமீட்டரையும் குறித்து வையுங்கள். அடுத்த ரீஜென் எத்தனை கிலோமீட்டரில் வருகிறது என்பதுதான் சோதனை. அந்த இடைவெளி தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் ஊற்று இன்னும் அடைபடவில்லை. மறுபடி ஹோஸ், இஜிஆர், இன்ஜெக்டர் என்ற வரிசையில் தேடுங்கள்.