கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு நான்கு வாரங்கள்: கடலூர் மாவட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும் அந்த நாட்களில்தான் பள்ளிகளுக்கு முழு ஆண்டு விடுமுறையும் வருகிறது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துச் செம்மண் தோப்புகளில் முந்திரிக்கொட்டை பொறுக்கும் வேலையும் அப்போதுதான் மும்முரமாக நடக்கிறது. அப்பாவுக்குக் கடல் தொழில் இல்லை, வீட்டில் கையிருப்பு குறைவு, பள்ளியில் கிடைத்துவந்த சத்துணவும் இல்லை என்ற நிலையில் ஒரு பிள்ளையின் பகல்பொழுது எப்படிக் கழிகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, கோடையில் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் கல்லூரி மாணவர்கள் தங்கள் திட்டத்தை எழுதத் தொடங்குவது நல்லது. நான் படித்த காலத்தில் தொடங்கி ஏழு கோடைகளாக இந்த வேலையில் இருக்கிறேன். இங்கே எழுதுவது அந்த அனுபவத்தில் கற்றதுதான்.

முதல் ஆண்டு நாங்கள் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு பேர் சேர்ந்து ஒரு கடலோரக் குப்பத்துக்குப் போய், மே மாதம் முழுவதும் தினமும் வகுப்பு நடத்துவோம் என்று ஊர்க் கூட்டத்தில் வாக்குக் கொடுத்தோம். மூன்றாவது வாரத்தில் இருவருக்குத் தொழிற்பயிற்சிக்கு அழைப்பு வந்தது, ஒருவர் வீட்டில் திருமணம், எனக்கு மறுதேர்வு. ஒருவர் போவார் என்று மற்றவர் நினைத்துக்கொண்டதில் ஒரு நாள் யாருமே போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. ஒரு வாரம் கழித்து நான் போனபோது நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், "நீங்க வருவீங்கன்னு இருட்டுற வரைக்கும் திண்ணையிலயே ஒக்காந்திருந்தேன்க்கா" என்றான். குற்றம் சொல்லும் குரலே இல்லை, நடந்ததைச் சொன்னான். அதன்பிறகு நாங்கள் எந்த ஊரிலும் செய்ய முடிந்ததில் பாதிக்கு மேல் வாக்குக் கொடுத்ததில்லை.

ஆகவே கணக்கைச் சிறியதாகவே போடுங்கள். வாரத்துக்கு 5 நாட்கள், நாளுக்கு 2 மணி நேரம், நான்கு வாரங்கள் என்றால் 20 நாட்கள், 40 மணி நேரம் கிடைக்கும். 25 பிள்ளைகளுக்கு நான்கு பேர் வேண்டும். அப்போதுதான் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு ஊர்ப்பயணம் என்று வந்தாலும் இரண்டு பேராவது அங்கே நிற்க முடியும். யார் எந்த நாளில் வர முடியாது என்பதைத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி, நால்வரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்கள், ஆண்டுக்கு 120 மணி நேரம் என்ற கணக்கில் இந்த 40 மணி நேரத்தையும் சேர்க்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முடித்துவிட்டு வந்து சான்றிதழுக்கு நடப்பது வீண் அலைச்சல்.

ஊருக்குள் போவது

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது. கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் ஊராட்சித் தலைவரையும் பள்ளித் தலைமையாசிரியரையும் பார்க்க வேண்டும். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். ஆனால் அந்தக் கடிதத்தைவிட மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து பேசுவதுதான் அதிகம் உதவும். பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அம்மாக்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் நீங்கள், எந்தக் கல்லூரி, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் சம்மதக் கையெழுத்தும் ஒரு தொலைபேசி எண்ணும் அன்றே வாங்கிவிட வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். கோயில் மண்டபம் நிழலாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும், உடனே திறந்தும் கொடுப்பார்கள். ஆனால் அங்கே காலனிப் பிள்ளைகள் தயக்கமில்லாமல் வந்து உட்கார முடியுமா என்பதை விசாரிக்காமல் ஒப்புக்கொண்டால், வகுப்பு தொடங்கும் முன்பே பாதிப் பிள்ளைகளை வெளியே நிறுத்தியவர்கள் ஆவீர்கள். பள்ளிக் கட்டடம், நூலகம், புயல் பாதுகாப்பு மையம் ஆகிய பொது இடங்களே சரியானவை. ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் இடமாகவும், எல்லாரும் ஒரே பாயில் உட்காரும் இடமாகவும் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நேரம், ஊரைப் பொறுத்தது. மே மாதத் தொடக்கத்தில் கத்திரி வெயில் தொடங்கிவிடுவதால் பகல் 11 மணிக்கு மேல் பிள்ளைகளை நடக்கவைப்பது கூடாது. கரையோரத்தில் பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கிய பிறகு, மாலை 4.30 முதல் 6.30 வரை வைத்துக்கொள்ளலாம். முந்திரித் தோப்பு ஊர்களில் காலையில் வகுப்பு வைத்தால் யாரும் வர மாட்டார்கள். கொட்டை பொறுக்குவது வெயில் ஏறும் முன்தான் நடக்கும். அங்கே சில பிள்ளைகளின் விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். முந்திரிக்கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் அப்படித்தான் புண்ணாகும். அந்த விரல்களால் பென்சிலை அழுத்திப் பிடிக்க முடியாது. "ஏன் எழுதவில்லை" என்று கேட்காமல், தடித்த சுண்ணக்கட்டியைக் கொடுத்துத் தரையில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பத்து, பதினொரு வயதுப் பெண்பிள்ளைகள் பலர் இடுப்பில் தம்பியையோ தங்கையையோ தூக்கிக்கொண்டு வருவார்கள். அம்மா மீன்கூடையோடு தெருத்தெருவாகப் போயிருக்கும் நேரத்தில் வீட்டைப் பார்ப்பது அந்தப் பெண்தான். குழந்தையை அழைத்து வராதே என்று சொன்னால் அவளையும் வராதே என்று சொன்னதாகிவிடும். ஒரு மூலையில் பாய் விரித்து, சோழி, கொட்டாங்கச்சி, மரக்கட்டை ஆகியவற்றை வைத்து, உங்களில் ஒருவர் அந்தக் குழந்தைகளோடு உட்கார்ந்துவிடுங்கள்.

வாசிக்கக் கற்றுக்கொடுப்பது

இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது வாசிப்புக்கு ஒதுக்குங்கள். முதல் இரண்டு நாட்கள் பாடமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, எழுத்து, சொல், நான்கு வரிப் பத்தி, ஒரு பக்கக் கதை ஆகிய நான்கையும் வரிசையாகக் காட்டி, எதில் நிற்கிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வகுப்பைப் பார்க்காமல், நிற்கும் இடத்தைப் பார்த்துக் குழு பிரிக்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பையன் சொல் குழுவில் வரலாம், மூன்றாம் வகுப்புப் பெண் கதைக் குழுவில் வரலாம். குழுக்களுக்கு எண் வைக்காமல் மீன் பெயரையோ மரத்தின் பெயரையோ வைத்துவிட்டால் பெரிய பிள்ளைகளுக்குக் கூச்சம் இருக்காது.

தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது கொம்பிலும் காலிலும்தான். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு மூன்றும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். கொம்போடு துணைக்காலும் சேர்ந்தால் ஒலியே மாறிவிடும். ஆறாம் வகுப்பு முடித்த ஒரு பையன் "தோணி" என்பதைத் "தேணி" என்றே வாசித்துவந்தான். கொம்பைப் பார்த்தவுடன் வாய் திறந்துவிடும், பின்னால் இருக்கும் காலைக் கண் கவனிக்காது. திருத்திப் பார்த்தோம், பத்து முறை எழுதச் சொன்னோம், பயனில்லை. பிறகு மீன் பெயர்களை அட்டைகளில் பெரிதாக எழுதினோம்: சங்கரா, நெத்திலி, வஞ்சிரம், கோலா, கானாங்கெளுத்தி. கானாங்கெளுத்தி அட்டையைத் தூக்கியதும் பாதிவரை பார்த்துவிட்டு முழுப் பெயரையும் சொல்லிவிட்டான், அவன் வீட்டில் கொண்டுவந்து கொட்டும் மீனாயிற்றே. உடனே மற்ற எழுத்துகளை விரலால் மூடி "கெ" மட்டும் தெரியும்படி காட்டி, இது என்ன ஒலி என்று கேட்டோம். பிறகு கோலாவின் "கோ"வைப் பக்கத்தில் வைத்தோம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விரலைத் துணைக்காலின் மேல் வைத்து, "இது இருந்தா வாய குவிக்கணும்" என்று அவனாகவே சொன்னான். அந்த வாரமே தோணி தோணியாயிற்று. பிள்ளைக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத எழுத்துக்குப் போவது எல்லா ஊரிலும் பலிக்கும். முந்திரிக்காட்டு ஊரில் அந்த ஊர்ச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு மீன் ஏலத்தையும் பங்கு பிரிப்பதையும் எடுத்துக்கொண்டாலே போதும். விளையாட்டை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை; ஏழாங்கல்லும் நொண்டியும் கபடியும் அவர்களிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளலாம். நாள்தோறும் ஒரு கைப்பிடி சுண்டலோ கடலை மிட்டாயோ, கூடவே ஒரு பானைத் தண்ணீரும் மோரும் கட்டாயம் வேண்டும். இதற்கான செலவை நன்கொடை திரட்டும் முன்பே கணக்கிட்டு வையுங்கள்.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்

கோடை வகுப்பு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சிறு பிள்ளைகளோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் கல்லூரி மாணவரால் மட்டுமே செய்யக்கூடிய உதவி, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் 10, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் தேவைப்படுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் நீங்கள் கடந்த வழி அது. அவர்கள் வீட்டில் அதைக் கடந்தவர் யாரும் இல்லாமல் இருக்கலாம்.

முடிவு வரும் முன்பே சான்றிதழ் வேலையைத் தொடங்குங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கைக்கு வர நாளாகும். ஆதாரில் ஒரு விதமாகவும் மதிப்பெண் பட்டியலில் வேறு விதமாகவும் பெயரோ முன்னெழுத்தோ இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே எல்லாத் தாள்களையும் ஒரே பாயில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியில்தான் விண்ணப்பம். கட்டணம் கட்டிய ரசீதை அச்செடுத்துப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அப்படிப் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மகளை மேலே படிக்க வைக்கலாமா என்று தயங்கும் அப்பாவிடம் இந்தத் தொகையைக் குறிப்பிட்டுப் பேசினால் பேச்சின் போக்கே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் படிப்பு என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கடலூர் அரசுக் கல்லூரியோ தொழிற்பயிற்சி நிலையமோ சிதம்பரமோ, பேருந்துச் செலவு எவ்வளவு, எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்பதைப் பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லிப் பக்கத்தில் இருங்கள். முடியுமானால் ஒரு நாள் உங்கள் கல்லூரிக்கே அழைத்துப்போய் வகுப்பறையில் உட்காரவையுங்கள்.

தேர்ச்சி பெறாத பிள்ளை இருக்கும் வீட்டுக்கு முடிவு வந்த அன்று மாலையே போங்கள். சில வாரங்களில் துணைத்தேர்வு வரும், அதே கல்வியாண்டில் சேர வழி இருக்கிறது என்பதை அம்மா அப்பா முன்னிலையில் சொல்லுங்கள். மனம் உடைந்து பேசுகிற பிள்ளையைத் தனியே விடாமல், 104 அல்லது 14416 என்ற எண்ணை அழைத்து, ஆலோசகரிடம் பேசவையுங்கள்.

பாதுகாப்பு

18 வயதுக்கு உட்பட்ட யாரோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் பார்வையில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் படங்களை உங்கள் பக்கங்களில் போடாதீர்கள். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்திருப்பதாகத் தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது யாருக்கும் கடமை. ஊருக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் அதற்கு இணங்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முதல் நாளே சுவரில் எழுதி, பிள்ளைகளை மனப்பாடம் செய்யவையுங்கள். வகுப்பு நேரத்தில் யாரையும் கடலுக்கோ கெடிலம் முகத்துவாரத்துக்கோ அழைத்துப்போகக் கூடாது. நீந்தத் தெரியும் என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், பொறுப்பு உங்களுடையது.

கடைசி வாரம்

இருபதாம் நாள் எது என்று முதல் நாளிலேயே பலகையில் எழுதிவிடுங்கள். கடைசி வாரத்தில் தினமும் நினைவூட்டுங்கள். மேடை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். மாலையில் பெற்றோரை வரச் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தான் தேர்ந்தெடுத்த ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டட்டும். அட்டைகளையும் புத்தகங்களையும் பள்ளிக்கோ கிளை நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் முதல் நாள் எங்கே நின்றாள், இப்போது எங்கே நிற்கிறாள் என்று எழுதிய குறிப்பைப் பெற்றோரின் சம்மதத்தோடு தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள்.

பள்ளி திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை திரும்ப வருவதாக இருந்தால், நாலு பேரும் நாட்குறிப்பைப் பார்த்து, தேதியைக் குறித்துக்கொண்ட பிறகு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தேதி சொல்ல முடியாவிட்டால் வருவோம் என்று சொல்லாமல் விடைபெறுங்கள்.