நல்ல தோட்டா வலது பையில், காலிக் கூடு இடது பையில்

ஃபெசன்ட் என்ற கோழி இனப் பறவையின் வேட்டையில் சுடாத தோட்டாக்களை வலது பையிலும், சுட்ட காலிக் கூடுகளை இடது பையிலும் போடுங்கள். இடக்கைக்காரர் என்றால் மாற்றி வைக்கலாம். புல்லுக்குள்ளிருந்து பறவை படபடவென்று எழும்பும்போது கண்ணை அதைவிட்டு எடுக்க முடியாது. கை தானாகப் போய் எடுப்பது நல்ல தோட்டாவாக இருக்க வேண்டும். முழுப் பெட்டியையும் சுமக்காதீர்கள். 25 தோட்டா ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 ஃபெசன்ட் சேவல்கள்தான் அனுமதி என்பதால் பத்துப் பன்னிரண்டே தாராளம்.

துப்பாக்கியை மாற்றினால் பையைக் கட்டாயம் காலி செய்யுங்கள். இதில் அலட்சியமே கூடாது. கேஜ் என்பது குழலின் அகல அளவு; எண் கூடக்கூடக் குழல் சிறிது. மஞ்சள் நிற 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும்.

வாத்து வேட்டைக்கு இந்தப் பை முறை சரிவராது. தண்ணீரில் நிற்கும்போது பை நனையும். இறுக மூடும் பெட்டிதான் வேண்டும். அப்புறம், அமெரிக்காவில் 1991 முதல் வாத்து வேட்டையில் ஈயக் குண்டுக்கு நாடு முழுக்கத் தடை. பழைய ஈயத் தோட்டா ஒன்று பையில் மறந்து கிடந்தாலும் குற்றம்தான்.