சுரங்கக் கழிவுநீரில் உலோகம் நீக்குதல்: கவர்பொருள் படுகையை அமைக்கும் முறை

கவர்பொருள் என்பது உலோக அயனிகளைத் தன் மேற்பரப்பில் பிடித்துக்கொள்ளும் குருணை; அது நிரம்பிய தொட்டியே படுகை. சுரங்க நீரை நேராக அந்தப் படுகைக்குள் விடாதீர்கள். பைரைட் என்ற இரும்பு சல்பைடு கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதைவதால் பல இடங்களில் அந்த நீரின் பி.எச் 2 முதல் 4 வரைதான் இருக்கும். அந்த அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகளே கவர்பொருளின் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் இடம் மிஞ்சாது. கரைந்திருக்கும் இரும்போ துருச்சேறாகப் படிந்து படுகையை அடைத்துவிடும்.

எனவே முதலில் நீற்றிய சுண்ணாம்பால் பி.எச்-ஐ 7 அளவுக்கு உயர்த்திக் காற்றூட்டுங்கள். பி.எச் 5-க்கும் 8-க்கும் இடையில், ஓர் அலகு கூடினால் இரும்பு ஆக்சிஜனேற்றமடையும் வேகம் ஏறத்தாழ 100 மடங்காகும். அலுமினியமும் கூடவே படியும். தெளிந்த நீரை மணல் வடிகட்டியில் விட்ட பிறகே கவர்பொருளுக்கு வேலை.

துத்தநாகம், காட்மியம், ஈயம் போன்ற நேர்மின் அயனிகளுக்கு ஜியோலைட்டோ (நுண்துளைகள் கொண்ட கனிமம்) மரக்கரியோ போதும். ஆனால் சுண்ணாம்பு சேர்த்த நீரில் கால்சியம் மிகுந்திருக்கும். அது ஜியோலைட்டின் இடங்களுக்குப் போட்டியிடும். காய்ச்சி வடித்த நீரில் உலோகத்தைக் கரைத்துச் சோதித்து எடுத்த அளவுகளை நம்ப முடியாததற்கு இதுவே காரணம். ஆர்செனிக் வேறு வகை; நீரில் அது நேர்மின் அயனியாக இருப்பதில்லை. அதற்கு இரும்பு ஹைட்ராக்சைடு குருணை வேண்டும். ஆர்செனிக்(III) என்ற வடிவம் இந்த பி.எச்-இல் மின்னூட்டம் இல்லாமல் இருப்பதால், முதலில் குளோரினோ பெர்மாங்கனேட்டோ சேர்த்து எதிர்மின் அயனியான ஆர்செனிக்(V) ஆக்குங்கள்.

அடுத்து குடுவைச் சோதனை. ஐந்து குடுவைகளில் தலா 100 மி.லி. நீர் ஊற்றி, நான்கில் 0.1, 0.2, 0.5, 1 கிராம் கவர்பொருள் இடுங்கள். ஐந்தாவதில் எதுவும் இடாதீர்கள். 24 மணி நேரம் குலுக்கி, 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, நைட்ரிக் அமிலத்தால் பி.எச்-ஐ 2-க்குக் கீழே கொண்டுவந்து பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். தொடக்கச் செறிவிலிருந்து இறுதிச் செறிவைக் கழித்து, நீரின் லிட்டர் அளவால் பெருக்கி, கவர்பொருளின் கிராம் எடையால் வகுத்தால் கவர்திறன், அதாவது ஒரு கிராம் கவர்பொருள் பிடித்த உலோகத்தின் அளவு, கிடைக்கும். இடையிடையே பி.எச்-ஐப் பாருங்கள். கரியிலுள்ள சாம்பல் பி.எச்-ஐ ஏற்றினால் உலோகம் வீழ்படிவாகும். அதைக் கவர்திறன் என்று தவறாகக் கணக்கிட்டுவிடுவோம்.

பிறகு தூண் சோதனை: கவர்பொருள் நிரப்பிய குழாய் வழியாக நீரைச் செலுத்திப் பார்ப்பது. 0.5 முதல் 1 மி.மீ. குருணைக்கு உள்விட்டம் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் நீர் சுவரோரமாக நழுவிப் போகும். தூளைக் கழுவி நீக்கிவிட்டு, நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்துங்கள்.

நாளுக்கு 5,000 லிட்டர் நீர், துத்தநாகம் லிட்டருக்கு 10 மி.கி. என்று கொள்வோம். நாளுக்கு 50 கிராம் துத்தநாகம் வரும். தூணில் கிடைத்த கவர்திறன் கிலோவுக்கு 5 கிராம் என்றால் தினமும் 10 கிலோ தீரும். 15 நிமிடத் தொடுநேரத்துக்கு (படுகையின் கனஅளவை நீரோட்ட வேகத்தால் வகுத்தால் வரும் நேரம்) படுகை 52 லிட்டர், லிட்டருக்கு 0.9 கிலோ வீதம் 47 கிலோ. ஐந்து நாள்கூடத் தாங்காது! செறிவு இவ்வளவு இருந்தால் சுண்ணாம்பு நிலையிலேயே பி.எச்-ஐ 9 வரை ஏற்றித் துத்தநாகத்தின் பெரும்பகுதியைப் படியவிடுங்கள். மிச்சத்துக்கு மட்டும் படுகை. செறிவு பத்தில் ஒன்றானால் ஆயுள் பத்து மடங்காகும் என்று எண்ண வேண்டாம். செறிவு குறையும்போது கவர்திறனும் குறையும்.

இரண்டு படுகைகளை வரிசையாக இணையுங்கள். முதலாவது நிறைவுற்றதும் அதை எடுத்துவிட்டு, இரண்டாவதை முன்னுக்கு நகர்த்திப் புதியதைப் பின்னால் வையுங்கள்.

ஜியோலைட்டை உப்புக் கரைசலாலும், ஆர்செனிக் ஏற்ற இரும்புக் குருணையை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடாலும் மீட்கலாம். கழுவிய நீரில் உலோகம் செறிந்திருக்கும். அதையும் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். தீர்ந்த கவர்பொருளைக் கசிவுச் சோதனை செய்யாமல் வெளியே கொட்டாதீர்கள்: அமில நீர் பட்டால் பிடித்த உலோகத்தை அது திரும்ப விட்டுவிடும்.