செம்பு–தங்கப் போர்பிரி: எங்கே துளையிடுவது, எப்போது நிறுத்துவது

மங்கோலியாவின் தெற்கு கோபியில் உள்ள ஓயு டோல்கோய் செம்பு–தங்கப் படிவில் பி.எச்.பி. என்ற சுரங்க நிறுவனம் 1997-98இல் துளையிட்டுவிட்டு விலகியது. 2000இல் வந்த ஐவன்ஹோ நிறுவனமும் முதலில் மேலாகக் கிடந்த சால்கோசைட் (ஒரு செம்புக் கனிமம்) அடுக்கைத்தான் தேடியது. 2001இல் ஆழமாக இறக்கிய ஓ.டி.டி.-150 துளையில் 508 மீட்டர் நீளத்துக்கு 0.81% செம்பும் டன்னுக்கு 1.17 கிராம் தங்கமும் கிடைத்தன. போர்பிரி வகைப் படிவு, அதாவது பாறைக்குழம்பு உட்புகுந்து இறுகிய இடத்தில் செம்பு நுண்நரம்புகளாகப் பரவிய படிவு, பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும். மேலோட்டத் துளைகள் அதன் தலையை மட்டுமே தொடும்.

முதல் வேலை மேற்பரப்பு வரைபடம். பயோடைட் (கருமைக்கா), மேக்னடைட் (காந்த இரும்புக் கனிமம்) மிகுந்த பாறை படிவின் மையத்தைக் காட்டும். குளோரைட், எபிடோட் என்ற பச்சைநிறக் கனிமங்கள் வெளி விளிம்பு. செரிசைட்டும் (நுண்ணிய வெள்ளை மைக்கா) பைரைட்டும் (செம்பில்லாத இரும்பு சல்பைடு) பெரும்பாலும் மையத்தின் மேலும் சுற்றிலும் கவிந்திருக்கும். ஒரு மீட்டருக்கு எத்தனை குவார்ட்ஸ் நரம்புகள் என்று எண்ணிக் குறியுங்கள். மழைநீர் கரைத்த துருநிற மேற்பாறையில் செம்பு குறைவாக வந்தால் இடத்தைக் கைவிடாதீர்கள். செம்பு கரைந்து இறங்கியிருக்கும், தங்கம் பெரும்பாலும் அங்கேயே தங்கும். அதனால் மாதிரிகளில் தங்கத்தையும் சோதியுங்கள்.

அடிக்கடி ஏமாற்றுவது ஐ.பி. எனப்படும் மின்னாய்வு. அதன் வலுவான சைகை பல நேரம் செம்பைச் சுற்றியுள்ள பைரைட் வளையத்திலிருந்து வருகிறது. ஆய்வு வரைபடத்தில் வலுவான சைகையைக் காட்டும் சிவந்த புள்ளியின் நடுவில் துளையிட்டால் வெறும் பைரைட்தான் மிஞ்சும். காந்த ஆய்வையும் நரம்பு எண்ணிக்கையையும் அதன்மேல் வைத்துப் பார்த்தே இடம் குறிக்க வேண்டும். நரம்புகளின் போக்குக்குக் குறுக்காக, 60-70 பாகை சாய்வில் துளையை இறக்குங்கள்.

துளையிலிருந்து எடுத்த பாறைத் தண்டை (கோர்) நீளவாக்கில் இரண்டாக அறுக்கும் முன் நனைத்துப் படமெடுங்கள், காந்த ஏற்புத்திறனை (பாறை எவ்வளவு காந்தமேறும் என்பதை) அளந்து எழுதுங்கள். முக்கிய நரம்பு இரு பாதியிலும் சமமாக விழும்படி அறுக்கும் கோட்டை வரையுங்கள். நரம்பின் நீளவாக்கில் அறுத்தால் ஒரு பாதி செம்பு செழித்த பாறையாகும், மறுபாதி வெறும் பாறை. எப்போதும் ஒரே பக்கப் பாதியை அனுப்புங்கள். மாதிரி நீளம் 2 மீட்டர். பாறை மாறும் இடத்தில் மட்டும் அங்கேயே வெட்டுங்கள். ஒவ்வொரு 20 மாதிரிக்கும் ஒரு தரநிலை மாதிரி (செம்பு அளவு முன்பே தெரிந்தது), ஒரு வெற்று மாதிரி (செம்பில்லாதது). வெற்று மாதிரியைச் செழித்த பாறைக்கு அடுத்து வையுங்கள். அரைக்கும் இயந்திரத்தில் ஒட்டிய தூள் கலந்தால் அதில் தெரிந்துவிடும். வழக்கமான அமிலச் சோதனையில் செம்பு 10,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10,000 பங்கு, அதாவது 1%) வரம்பைத் தாண்டினால் மறுசோதனை கேளுங்கள்.

நரம்புகள் அடர்ந்துகொண்டே போகையில், பைரைட் குறைந்து சால்கோபைரைட், போர்னைட் என்ற செம்புக் கனிமங்கள் கூடுகையில், திட்டமிட்ட ஆழம் வந்துவிட்டது என்று துளையை நிறுத்தக் கூடாது.