பரிசாக வந்த உல்லன் நூல்: ஊசியில் ஏற்றும் முன் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து வந்த அக்காவின் பையில் ஏழெட்டு நிறத்தில் உல்லன் நூல்கண்டுகள். மஞ்சள் ஒன்று, கத்தரிப்பூ நிறம் இரண்டு, கிளிப்பச்சையில் அரைக் கண்டு. பார்த்ததுமே கை துறுதுறுக்கும். யூடியூப்பில் ஒரு ஸ்வெட்டர் டிசைனைப் பிடித்து அன்று இரவே கண்ணி போட்டுவிடுவோம். முதுகுப் பக்கம் பாதி ஏறும்போது மஞ்சள் தீர்ந்துவிடும். சேலத்தில் முதல் அக்ரஹாரம், கடைவீதி என்று அலைந்தாலும் அதே மஞ்சள் கிடைக்காது.

கடையில் வாங்கினால் டிசைனைப் பார்த்து நூல் எடுப்போம். பரிசாக வந்தால் நூலைப் பார்த்துத்தான் டிசைன் எடுக்க வேண்டும். பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள். கீழே வரும் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஆகவே முதல் வேலை சமையலறைத் தராசில். ஒவ்வொரு நிறத்தையும் எடை போட்டு எழுதி வையுங்கள். நடுத்தரத் தடிமன் உல்லன் 100 கிராம் இருந்தால் சுமாராக 180 முதல் 200 மீட்டர் வரும். ஒரு பெரியவர் குல்லாவுக்கு அது போதும். மஃப்ளருக்கு இரண்டு கண்டு வேண்டும். முழுக்கை ஸ்வெட்டர் என்றால் ஐந்தாறு கண்டுகள், அதுவும் ஒரே தடிமனில். பையில் இருப்பதை வைத்து அது நடக்காது என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

யார் போடப்போகிறார்கள் என்பதையும் அப்போதே யோசித்துவிட வேண்டும். சேலத்துக் குளிர் என்பது மார்கழி விடியலில் கோலம் போடப் போகும்போது காதில் படும் காற்று, அவ்வளவுதான். எட்டு மணி வெயில் வந்ததும் ஸ்வெட்டர் நாற்காலி முதுகுக்குப் போய்விடும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கதை வேறு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தோடு குளிர் எலும்பில் இறங்கும். அங்கே இருக்கும் பாட்டிக்குக் கையில்லா ஸ்வெட்டரோ சால்வையோ தினமும் உதவும். கீழே இருப்பவர்களுக்குக் குல்லாவும் மஃப்ளருமே போதும் என்பது என் கட்சி. பல நிறத்தில் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதற்கும் அவைதான் தோது.

லேபிளில் உள்ள ஊசி எண் பெரிய பொறி. அமெரிக்காவிலிருந்து வந்த நூலில் ‘8’ என்று ஊசி எண் போட்டிருக்கும். நம்மூர்க் கடையில் எட்டாம் நம்பர் ஊசி கேட்டால் தருவார்கள், ஆனால் அது வேறு ஊசி. அமெரிக்க எட்டு 5 மி.மீ. இங்கே இன்னும் புழங்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் எட்டு 4 மி.மீ. பிரிட்டிஷ் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். அமெரிக்கப் பத்து 6 மி.மீ., பிரிட்டிஷ் பத்து 3.25 மி.மீ. எண்ணை மறந்துவிட்டு மி.மீ. மட்டும் பாருங்கள்.

லேபிளே இல்லாத கண்டுகளும் இருக்கும். கம்பளியா, செயற்கை இழையான அக்ரிலிக்கா என்று தெரியாமல் கலந்து பின்னினால் முதல் சலவையில் குட்டு வெளிப்படும். சுடுநீரும் கசக்கலும் பட்டால் கம்பளி இழையின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டிப்படும். அக்ரிலிக் அப்படிச் சுருங்காது. ஒரே மஃப்ளரில் இரண்டும் இருந்தால் சுருங்கிய பட்டையும் சுருங்காத பட்டையுமாக மஃப்ளர் அலை அலையாக நெளியும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, எவர்சில்வர் தட்டின் மேல் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக். காகிதம் எரியும் வாடை என்றால் பருத்தி. சில கண்டுகள் கலப்பாக இருக்கும். அவற்றில் இரண்டு அடையாளமும் தெரியும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சில நூல்கள் கண்டாக இல்லாமல் முறுக்கிய சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றிய கட்டாக வரும். கட்டை அவிழ்த்து நேராகப் பின்னத் தொடங்குவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. சேலத்தின் அம்மாப்பேட்டையிலோ குகைப் பகுதியிலோ தறி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒருவர் இரு கையிலும் மாட்டிப் பிடிக்க, இன்னொருவர் தளர்வாகக் கண்டு சுற்ற வேண்டும். இறுக்கிச் சுற்றினால் நூல் இழுபட்ட நிலையிலேயே பின்னலுக்குள் போய், துவைத்ததும் சுருங்கி அளவைக் கெடுக்கும்.

மாதிரித் துண்டு பின்னாமல் குல்லா தொடங்குவது எல்லாரும் செய்வது. கணக்கைப் பாருங்கள். தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால் குல்லா 50 செ.மீ. அளவில் இருந்தால்தான் பிடித்து நிற்கும். 10 செ.மீ.க்கு 20 கண்ணி விழுந்தால் 100 கண்ணியில் அது சரியாக வரும். உங்கள் கை கொஞ்சம் தளர்வு, 18தான் விழுகிறது என்றால் அதே 100 கண்ணி 55 செ.மீ.யைத் தாண்டும், குல்லா கண்ணை மறைக்கும். ஒரு சாண் சதுரம் பின்னி, துவைத்து, காய்ந்தபின் நடுவில் அளந்தால் போதும். ஓரத்தில் அளக்காதீர்கள், ஓரக் கண்ணிகள் பொய் சொல்லும்.

இனி நிறம். கையில் இருப்பதையெல்லாம் ஒரே மஃப்ளரில் போட்டுவிடும் ஆசை வரும். கண்டுகளை வரிசையாக வைத்து செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். நேரில் சண்டை போடும் சிவப்பும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், அந்த இரண்டையும் கட்டம் போட்டுப் பின்னினால் தூரத்தில் கோலம் தெரியாது. பட்டைக்குப் பரவாயில்லை. ஒரே நிறத்தில் இரண்டு கண்டு இருந்தாலும் லேபிளில் சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்குத் தரும் எண்) வேறாக இருக்கலாம். இரண்டு வரிசைக்கு ஒரு முறை கண்டை மாற்றி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கரைந்துவிடும்.

சிவப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கும் முன், ஈர வெள்ளைத் துணியில் நூலைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். துணியில் கறை ஏறினால் அந்தச் சிவப்பைத் தனியாகப் பயன்படுத்துங்கள். உப்பும் வினிகரும் போட்டால் எந்தச் சாயமும் நின்றுவிடும் என்ற வைத்தியத்தை நம்பி வெள்ளையைப் பணயம் வைக்க வேண்டாம்.

நிறம் மாற்றும் இடத்தில் முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுவது இன்னொரு தவறு. முடிச்சு உறுத்தும், நாளடைவில் அவிழவும் அவிழும். விரற்கடை மிச்சம் போதாது, ஒரு சாண் நூல் விட்டு, அதே நிறக் கண்ணிகளுக்குள் அன்றன்றே செருகிவிடுங்கள். எல்லாம் முடித்த பிறகு செருகலாம் என்று விட்டு, அறுபது நூல்முனையோடு அலமாரியில் உறங்கும் மஃப்ளர்கள் எத்தனையோ! நிறத்தை எப்போதும் ஒரே பக்கத்தில் மாற்றுங்கள். இல்லையென்றால் நல்ல பக்கத்தில் கோடு உடைந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு வரிசை நிட் (நேர்க்கண்ணி), ஒரு வரிசை பர்ல் (எதிர்க்கண்ணி) என்று மஃப்ளர் பின்னினால் ஓரம் சுருண்டுகொள்ளும். எல்லா வரிசையும் நிட் போட்டால் தட்டையாகப் படுக்கும்.

நூல் தீரும் தறுவாயில் வேகமாகப் பின்னுவது விசித்திரமான பழக்கம், வேகத்தால் நூல் வளராது. பின்னலின் அகலத்தைப் போல நான்கு மடங்கு நூல் மிஞ்சும்போதே, கண்ணிகள் அவிழாமல் பின்னலை மூடத் தொடங்கிவிடுங்கள்.

முடித்ததும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்காதீர்கள். அக்ரிலிக்கில் நீராவி பட்டால் உயிர் போய்த் தொளதொளத்துவிடும், திரும்ப வராது. குளிர்ந்த நீரில் முக்கி, பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, தட்டையாக விரித்துக் காய வையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். ஏற்காட்டில் டிசம்பரில் காய இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம், மின்விசிறி போடுங்கள். சேலத்தில் வெயில் தாராளம், அதனாலேயே நிழலில் போட வேண்டும், நிறம் வெளுக்காமலிருக்கும். மாசி பிறந்து உள்ளே எடுத்து வைக்கும் முன் கட்டாயம் துவையுங்கள். கம்பளியை அரிக்கும் பூச்சிக்கு வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடம்தான் முதல் இலக்கு. காய்ந்த வேப்பிலை போடுவதில் தவறில்லை, அழுக்குத் துணிக்கு அது மட்டும் காவல் ஆகாது.