விர்ச்சுவல் பின்பால் கேபினெட்: பலகை அறுக்கும் முன் டிவியை வாங்குங்கள்

விர்ச்சுவல் பின்பால் கேபினெட் என்பது, பந்தைத் தட்டி ஆடும் பின்பால் மேசையைப் போன்ற பெட்டிக்குள் டிவியையும் கம்ப்யூட்டரையும் வைத்துத் திரையில் ஆடுவது. இந்தப் பெட்டியைச் செய்யவேண்டும் என்ற ஆசை வந்ததும் பலரும் முதலில் போவது பிளைவுட் கடைக்கு. கொஞ்சம் பொறுங்கள். பெட்டி எவ்வளவு அகலம் என்பதை முடிவு செய்வது டிவி. கம்ப்யூட்டருக்கு எவ்வளவு செலவாகும் என்பதையும் அதே டிவிதான் முடிவு செய்கிறது.

படி 1: ஆடிப் பாருங்கள்

விஷுவல் பின்பால் எக்ஸ் இலவச மென்பொருள். இப்போது இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே நிறுவி, இரண்டு ஷிஃப்ட் கீகளை ஃபிளிப்பராக (பந்தைத் தட்டும் கை) வைத்து ஆடலாம். பழைய பின்பால் மேசைகளின் ரோமை (அவற்றின் சிப்பில் இருந்த மென்பொருள்) இயக்க விபின்மேம் என்ற மென்பொருள் உண்டு. 90களின் மேசைகளில் ஸ்கோர் ஓடுமே, அந்த 128×32 புள்ளித் திரையும் அதன் வழியாகத்தான் வருகிறது. சில வாரம் ஆடியும் ஆசை தணியவில்லை என்றால் பணத்தை எடுக்கலாம்.

படி 2: டிவி

படத்தரத்தைவிட இங்கே முக்கியம் தாமதம். பட்டனை அழுத்தியதும் ஃபிளிப்பர் எழவேண்டும். கண் இமைக்கும் நேரம் பிந்தினாலும் பந்து போய்விடும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 16.7 மில்லிசெகண்ட். 120 ஹெர்ட்ஸில் அது பாதியாகிவிடும். கேம் மோடு (தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) இல்லாத டிவியைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்றைக் கடைக்காரர் சொல்லமாட்டார். டிவியைப் பெட்டிக்குள் நீளவாக்கில் படுக்கவைக்கிறோம். அதாவது, நீங்கள் எப்போதும் அதன் பக்கவாட்டிலிருந்துதான் பார்ப்பீர்கள். கடையில் ஓரமாக நின்று சாய்வாகப் பாருங்கள். நிறம் வெளுத்தால் வேண்டாம். இந்த விஷயத்தில் ஐபிஎஸ் வகைத் திரைகள் பொதுவாக நல்லவை.

அளவும் கவனம். வழக்கமான பின்பால் பெட்டியின் உள் அகலம் சுமார் 20.5 அங்குலம். 40 அங்குல டிவியில் படப்பரப்பின் குறுகிய பக்கமே 19.6 அங்குலம் வரும். 43 என்றால் 21 அங்குலத்தைத் தாண்டும், பெட்டியை அகலப்படுத்தியே ஆகவேண்டும். டிவியின் சட்டத்தைக் கழற்றி நுழைப்பவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் பவர் போர்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். புதியவர்களுக்கு அந்த வேலை வேண்டாம், பெட்டியைப் பெரிதாக்குங்கள்.

படி 3: கம்ப்யூட்டர்

விஷுவல் பின்பால் பந்தின் அசைவை நொடிக்கு 1000 முறை கணக்கிடுகிறது. இந்த வேலையைச் சிபியுவின் பல கோர்களுக்குப் பெரிதாகப் பிரித்துக்கொடுக்க முடியாது. அதனால் 16 கோர் என்று விளம்பரம் பார்த்து மயங்காமல், ஒற்றைக் கோர் வேகம் அதிகமுள்ள ஆறு கோர் சிபியு வாங்கினால் போதும்.

கிராபிக்ஸ் கார்டு டிவியைப் பொறுத்தது. 1080பி திரைக்கு ஜிடிஎக்ஸ் 1060 போன்ற பழைய கார்டே தாங்கும். 4கே என்றால் நான்கு மடங்கு பிக்சல். அதையே 120 ஹெர்ட்ஸில் ஓட்ட ஆர்டிஎக்ஸ் 3060க்குக் கீழே போகாதீர்கள். ஆடுகளம், பேக்கிளாஸ் (மேசையின் பின்னே நிமிர்ந்து நிற்கும் படப்பலகை), புள்ளித் திரை என மூன்று திரைகள் வைப்பதானால் கார்டில் மூன்று வீடியோ இணைப்புகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ரேம் 16 ஜிபி, ஒரு எஸ்எஸ்டி. அவ்வளவுதான்.

படி 4: பெட்டி

18 மில்லிமீட்டர் பிளைவுட் நன்றாக உழைக்கும். அடியில் காற்று நுழைய ஓட்டை, பின்னால் மேலே வெளியேற்ற ஃபேன். கம்ப்யூட்டரையும் டிவியையும் மூடிய பெட்டியில் வைத்தால் சூடு ஏறும்.

படி 5: பட்டன், அதிர்வு

ஃபிளிப்பர் பட்டனுக்கு லீஃப் ஸ்விட்ச் போடுங்கள், கிளிக் சத்தம் போடும் மைக்ரோ ஸ்விட்ச் வேண்டாம். இவற்றை இணைக்க கேஎல்25இசட் என்ற சிறு போர்டு வசதியானது. அதில் முடுக்கமானி (அசைவை உணரும் சென்சார்) உள்ளேயே இருப்பதால், பெட்டியைத் தள்ளினால் திரையில் பந்தும் அசையும். அதில் ஏற்றவேண்டிய பின்ஸ்கேப் மென்பொருளும் இலவசம்தான்.

சொலினாய்டு (மின்சாரம் பாய்ந்தால் தண்டை இழுக்கும் காயில்) வைத்து 'டக்' என்ற அதிர்வைக் கொண்டுவரும் வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்குத் தனி பவர் சப்ளை வேண்டும், ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே ஒரு டயோடும் வேண்டும். டயோடு இல்லாமல் இணைத்தால், காயில் அணையும்போது எழும் மின்னழுத்தம் போர்டைச் சுட்டுவிடும்.